அக்னி நட்சத்திரம் போன பிறகும் செடி ஏன் காய்க்கவில்லை?

மே 28 தாண்டியதும் மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். வெயில் கொஞ்சம் இறங்கிவிட்டது. சாயங்காலத்தில் ஒன்றிரண்டு மழையும் விழுந்துவிட்டது. செடி பச்சையாகத்தான் நிற்கிறது. ஆனாலும் தக்காளிப் பூ கொத்துக்கொத்தாக உதிர்கிறது, பீர்க்கம்பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்குகிறது, கத்தரிக்காயை நறுக்கினால் புழு. உடனே கடைக்குப் போய் 'பூ பிடிக்கும் டானிக்' ஒன்றை வாங்கி வந்து தெளிக்கிறார்கள்.

அந்த பாட்டிலை வாங்குவதற்கு முன்னால் நாள்காட்டியைப் பார்த்துப் பின்னோக்கி எண்ணுங்கள். ஆனி மாதத்தில் கண்ணுக்குத் தெரியும் இழப்பில் பெரும்பகுதி வைகாசியிலேயே நடந்து முடிந்த ஒன்று. செடி அதை நமக்குக் காட்டத்தான் இரண்டு மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறது. எந்தக் கோளாறை எத்தனை நாள் பின்னால் போய்த் தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டால், எந்தச் செடியைக் காப்பாற்றலாம், எதைப் பிடுங்கிவிட்டு ஆடிப் பட்டத்துக்கு இடம் விடலாம் என்பது தானாகத் தெளிவாகும்.

தக்காளி

தக்காளியில் பூ விரிவதற்கு ஏறக்குறைய 8 முதல் 13 நாள் முன்பே, மொட்டு சின்னதாக இருக்கும்போதே, மகரந்தம் உருவாகிவிடுகிறது. வெப்பம் கெடுப்பது அந்தக் கட்டத்தைத்தான். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் மகரந்தம் மலடாகிவிடும். ஆகவே ஜூன் 5ஆம் தேதி விரிகிற பூ மே கடைசி வார வெயிலைச் சுமந்துகொண்டுதான் விரிகிறது. பார்க்க நல்ல பூவாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் காம்பின் நடுவில் இருக்கும் அந்த முட்டி போன்ற கணுவில் மஞ்சளாகிக் கழன்று விழும். இதற்கு எந்தத் தெளிப்பும் உதவாது.

காலையில் 7 மணியிலிருந்து 10 மணிக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுவது நல்ல பழக்கம்தான். தக்காளி தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் செடி. அதிர்வு கொடுத்தால் மகரந்தம் கொட்டும். ஆனால் கொட்டுகிற மகரந்தம் உயிரோடு இருந்தால்தான் அதற்குப் பலன். கணக்கு இப்படித்தான் போகும்: மே 28க்குப் பிறகு உங்கள் ஊரில் உண்மையிலேயே வெப்பம் இறங்கினால், ஜூன் 10 வாக்கில் விரியும் பூக்களிலிருந்து காய் பிடிக்கத் தொடங்கும். பூவிலிருந்து பழத்துக்கு 45 முதல் 50 நாள். ஆக, கையில் பழம் வருவது ஜூலை கடைசியில்.

'உங்கள் ஊரில் உண்மையிலேயே' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. கோயம்புத்தூருக்கு ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வந்துவிடும், இரவு குளிரும். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமும் அப்படித்தான். சென்னையில் கதை வேறு. நாள்காட்டியில் அக்னி நட்சத்திரம் முடிந்தாலும் ஜூனிலும் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு, இரவும் புழுங்கும். கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் பெரிய பழ ரகத் தக்காளியை ஜூன், ஜூலையில் நம்பி உட்கார வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. செர்ரி தக்காளி வெப்பத்தில் ஓரளவு காய் பிடிக்கும். மற்றதைப் பாதியாக வெட்டி உயிரோடு வைத்திருங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே பிடித்த காய்களில் இன்னொரு ஏமாற்றம் உண்டு. பழம் சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றுவிடும், தோள்பட்டைப் பகுதி கெட்டியாக இருக்கும். தக்காளிக்குச் சிவப்பைத் தரும் லைக்கோபீன் 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை. மஞ்சள் நிறத்தைத் தருவது மட்டும் தொடர்ந்து உருவாகும். இதற்கு வழி எளிது. காயின் அடியில் லேசாக நிறம் திரும்பியதுமே பறித்து, வீட்டுக்குள் இருப்பதிலேயே குளிர்ந்த, காற்றோட்டமான மூலையில் ஒற்றை அடுக்காகப் பரப்பி வையுங்கள். பழுக்க வெளிச்சம் தேவையில்லை. பக்கத்தில் இரண்டு வாழைப்பழம் இருந்தால் சீக்கிரம் பழுக்கும். நிறம் திரும்பாத காயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பிறகு பழுக்கவே பழுக்காது, சுவையும் போய்விடும்.

காயின் மேற்குப் பக்கம் மட்டும் வெள்ளையாகி, காகிதம் போல் காய்ந்த வட்டம் விழுந்திருந்தால் அது நோய் இல்லை, வெயில் வெந்த தழும்பு. கோடை தொடங்கும்போது 'காற்றோட்டத்துக்கு' என்று இலைகளை வெட்டியவர்கள் தோட்டத்தில்தான் இது அதிகம். கோடையில் தக்காளியின் இலை காய்க்குக் குடை. மழை தொடங்கும் வரை அதில் கை வைக்கக் கூடாது.

தண்ணீர் ஊற்றியும் காய்ந்துபோன பை

கோடைக் கடைசியில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மூலம் வேர்ப்பகுதிதான். அதைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தேங்காய் நார்க்கழிவு கலந்த மண் ஒரு முறை முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை எளிதில் ஏற்காது. சுருங்கி, செடி வளர்க்கும் பையின் பக்கவாட்டிலிருந்து விலகி ஒரு இடைவெளி விட்டுவிடும். ஊற்றும் தண்ணீர் அந்த இடைவெளி வழியாக இறங்கி, அடித்துளையில் வெளியே வந்துவிடும். மேல்மண் ஈரமாகத் தெரியும், கீழே தண்ணீரும் ஓடும். நாமும் திருப்தியாக நகர்ந்துவிடுவோம். நடுவில் வேர்க்கட்டி மட்டும் காய்ந்தே இருக்கும். சந்தேகம் இருந்தால் பையின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த பை கனக்கும். இல்லாவிட்டால் ஒரு விரல் நீளக் குச்சியை நடுவில் குத்தி எடுத்து, மண் ஒட்டுகிறதா என்று பாருங்கள்.

சரிசெய்ய, சிறிய பையாக இருந்தால் ஒரு அகலமான பாத்திரத்தில் கால் பங்கு தண்ணீர் நிரப்பி, பையை அரை மணி நேரம் அதில் உட்கார வையுங்கள். கீழிருந்து ஈரம் ஏறும். 15 அங்குலப் பை போன்ற பெரியவற்றில் முதலில் அரை லிட்டர், 10 நிமிடம் கழித்து இன்னொரு அரை லிட்டர், மறுபடி 10 நிமிடம் கழித்து மிச்சம் என்று பிரித்து ஊற்றுங்கள். பக்கவாட்டு இடைவெளியில் விரலால் மண்ணைத் தள்ளி அடைத்துவிடுங்கள். அந்த அளவுப் பையில் நன்றாக வளர்ந்த ஒரு தக்காளிக்கோ கத்தரிக்கோ கோடையில் நாளைக்கு 2 முதல் 3 லிட்டர் ஆகும். காலையில் பெரும்பங்கு, மாலை 5 மணிக்குப் பிறகு மிச்சம்.

மாலைத் தண்ணீரில் ஒரு எச்சரிக்கை. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயிலும், வெயிலில் கிடந்த ரப்பர் ஹோஸிலும் முதலில் வருவது வெந்நீர். கை பொறுக்காத சூட்டை வேரும் பொறுக்காது. முதல் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஓரமாக வைத்துவிட்டு, சூடு தணிந்த பிறகு செடிக்கு ஊற்றுங்கள்.

பை உட்கார்ந்திருக்கும் இடமும் முக்கியம். வெறும் கான்கிரீட் தளத்தில் நேரடியாக வைத்த பையில் கீழிருந்தும் சூடு ஏறும், அடித்துளையும் தளத்தோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பைக்கும் மூன்று செங்கல் போதும். மேற்குப் பக்க வரிசைப் பைகளைச் சுற்றிப் பழைய சணல் சாக்கைக் கட்டிவிட்டால் வேருக்குப் பெரிய ஆறுதல். மேலே காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டைத் துண்டு என்று எது கிடைத்தாலும் இரண்டு அங்குல உயரத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டை ஒட்டி மட்டும் போடாமல் ஒரு அங்குலம் இடைவெளி விடுங்கள்.

நிழல்வலையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். காய்கறிச் செடிக்கு 50 சதவீத வலை போதும். 35 கிடைத்தால் இன்னும் நல்லது. 75 சதவீத வலைக்குக் கீழே செடி மெலிந்து நீளுமே தவிர காய்க்காது. வலையைக் கட்டும் திசையில் பலரும் தவறுகிறார்கள். சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும். நடுவே உள்ள மே, ஜூன், ஜூலையில் உச்சிப் பொழுதுச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். சுவரின் நிழல் தெற்கே விழும். மார்கழியில் பார்த்து வைத்த நிழல் கணக்கு ஆனியில் தலைகீழாகிவிடும். வானம் தொடர்ந்து மேகமூட்டமாக ஆரம்பித்ததும் வலையை எடுத்துவிடுங்கள். ஜூலை வரை அதை அப்படியே விட்டுவைப்பதும் காய் பிடிக்காததற்கு ஒரு பெரிய காரணம்.

மண்ணின் மேலும் பையின் ஓரத்திலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். இலை ஓரம் கருகுவதும் அதனால்தான். அந்த நேரத்தில் உரம் போடுவது மேலும் உப்பைச் சேர்ப்பதுதான். முதல் நல்ல மழையில் எல்லாப் பைகளையும் முழுதாக நனைய விட்டு, அடியில் தண்ணீர் ஓடி வெளியேறும்படி செய்யுங்கள். உப்பைக் கழுவ மழைத் தண்ணீரை விட நல்லது கிடையாது. கழுவிய பிறகு ஒரு வாரம் கழித்து உரம்.

பை ஒரு நாள் காய்ந்து ஒரு நாள் நனையும் ஈர ஏற்றத்தாழ்வின் நேரடி விளைவுதான் தக்காளியின் அடிப்பக்கம் கருத்து, அமுங்கி, தோல் போல ஆவது. சுண்ணாம்புச்சத்துக் குறைபாடு என்று எல்லோரும் சொல்வது சரிதான், ஆனால் பெரும்பாலும் மண்ணில் அந்தச் சத்து இருக்கும். அது தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் பயணம் செய்யும். வெயிலில் இலைகள் அதிகமாக ஆவியாக்குவதால் தண்ணீர் இலைக்கே இழுபடும், காய்க்குப் போய்ச் சேராது. காய் கட்டைவிரல் அளவு இருக்கும்போது இரண்டு நாள் வறண்டால் போதும். கருப்பு தெரிவது பத்துப் பதினைந்து நாள் கழித்து. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் அது கரைந்து செடிக்குக் கிடைக்கப் பல மாதம் ஆகும். இந்தக் கொத்துக்கு உதவாது. இலையில் தெளிக்கும் சுண்ணாம்புச்சத்தும் இலையிலிருந்து காய்க்கு நகராது. கடலைப் புண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள், ஏனென்றால் தழைச்சத்து மிகுந்தால் இது இன்னும் அதிகமாகும். கருத்த காய்களைக் கிள்ளிவிட்டு, ஈரத்தை ஒரே சீராக வையுங்கள். அடுத்த கொத்து தானாகச் சரியாகும்.

கத்தரியும் வெண்டையும்

கத்தரிக்காயில் ஒரு துளையைப் பார்த்ததும் 'புழு உள்ளே போய்விட்டது' என்கிறோம். உண்மையில் அது புழு வெளியே வந்த வழி. முட்டையிலிருந்து வந்த சின்னப் புழு நுழையும் துளை கண்ணுக்கே தெரியாது, அதுவும் மூடிக்கொள்ளும். உள்ளே இரண்டு வாரம் தின்று வளர்ந்த பிறகு, கூட்டுப்புழுவாக மாற வெளியேறும் துளைதான் நமக்குத் தெரிகிறது. ஆகவே துளை விழுந்த காய்க்கு மருந்தடித்துப் பயனில்லை. கவனிக்க வேண்டியது கொழுந்துகளை. தண்டு மற்றும் காய்த்துளைப்பான் என்ற இந்தப் புழு காய் இல்லாத நாட்களில் இளந்தண்டைத்தான் குடையும். மற்ற இலையெல்லாம் நிமிர்ந்திருக்க, ஒரே ஒரு நுனி மட்டும் துவண்டு தொங்கினால் உள்ளே அது இருக்கிறது. துவண்ட இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டுங்கள். வெட்டிய தண்டின் நடுவில் துளை தெரிந்தால் துளை தீரும் வரை இன்னும் கீழே. வெட்டியதைச் செடியடியில் போடாமல் சோப்புத் தண்ணீரில் மூழ்கவிடுங்கள். வாரம் இரண்டு முறை இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே காய்ப்புழு வெகுவாகக் குறையும். செடியடியில் உதிர்ந்த சருகுகளையும் அகற்றுங்கள். கூட்டுப்புழு அங்கேதான் ஒளிந்திருக்கும். பத்துச் செடிக்கு மேல் இருந்தால், பெண் பூச்சியின் வாசனை கொண்ட குப்பியால் ஆண் பூச்சியை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று வைக்கலாம். வாங்கும்போது கத்தரிக்கான குப்பி என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

பூ இருந்தும் காய் வராத கத்தரியில், ஒரு பூவை எடுத்து நடுவில் பாருங்கள். மஞ்சள் மகரந்தப்பைகளுக்கு மேலே பச்சைச் சூல்முடி நீட்டிக்கொண்டிருந்தால் அது காய்க்கும் பூ. உள்ளேயே ஒடுங்கியிருந்தால் அது உதிரத்தான் போகிறது. வெயிலிலும் பட்டினியிலும் இருக்கும் கிழட்டுச் செடியில் இந்தக் குட்டைப் பூக்கள்தான் அதிகம். அதற்கு ஒரே மருந்து கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடுவது.

கத்தரியைப் போல வெட்டினால் திரும்பத் துளிர்க்கும் காய்கறி குறைவு. வெயில் தணிந்து ஒன்றிரண்டு மழை விழுந்ததும், தரையிலிருந்து ஒரு அடி விட்டு, நல்ல கணுக்கள் மூன்று நான்கு இருக்கும்படி சாய்வாக வெட்டுங்கள். மேல்மண்ணை இரண்டு அங்குலம் கிளறி எடுத்துவிட்டு, இரண்டு கை மண்புழு உரமும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் போட்டு மூடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் மறுபடி காய் வரும். நாற்று விட்டு நடுவதை விட இது வேகம். ஆனால் இலையெல்லாம் குட்டிக்குட்டியாகி, துடைப்பம் மாதிரி கொத்தாக நிற்கும் செடியை வெட்டி வைக்காதீர்கள். அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சிகள் அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். வேரோடு எடுத்துவிட வேண்டும்.

வெண்டையில் முடிவு இன்னும் எளிது. நரம்பெல்லாம் மஞ்சள் வலை பின்னினாற்போல் ஆகிவிட்டால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ கடித்து வைரஸ் உள்ளே போன பிறகு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் மஞ்சள் தெரியும். தெரிந்த பிறகு சத்துக் குறைவு என்று நினைத்து எப்சம் உப்பு கரைத்து ஊற்றுபவர்கள் நிறைய. அதற்குள் வெள்ளை ஈ அடுத்த செடிக்குப் போயிருக்கும். முதல் செடியில் தெரிந்த அன்றே பிடுங்குங்கள். பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா இந்த நோயைத் தாங்கும் என்று வெளியான ரகம். இப்போது எல்லா இடத்திலும் அந்த எதிர்ப்பு முன்போல் இல்லை. மஞ்சள் ஒட்டுப்பொறியை விதை முளைத்த வாரத்திலேயே செடியின் உயரத்தில் கட்ட வேண்டும், செடி வளர வளர மேலே ஏற்ற வேண்டும்.

நோய் இல்லாத வெண்டையிலும் கோடையில் காய் சீக்கிரம் முற்றும். பூ மலர்ந்து 5, 6 நாளில் பறித்துவிட வேண்டும். ஏழாம் நாள் நார். நுனியை ஒடித்துப் பார்த்தால் டக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் முற்றல். முற்றல் என்றாலும் செடியில் விட்டுவைக்காதீர்கள், அதை வளர்ப்பதில் செடி புதுப் பூவைக் குறைத்துவிடும். விதைக்கு வேண்டுமென்றால் ஒரு செடியை அதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

கத்தரி, வெண்டை இரண்டிலும் இலை அடியில் மெல்லிய நூலாம்படையும் மேலே வெளிறிய புள்ளிகளும் இருந்தால் செஞ்சிலந்தி. வறண்ட சூட்டில் கொழிப்பது அது. தொடர்ந்து மூன்று நாள் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு போய்விடும்.

மிளகாய்க்கு இந்த ஒரு குறிப்பு. இலை மேல்நோக்கிக் கிண்ணம் போல் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி. முன்னதற்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., முதலில் சில துளி சோப்புக் கரைசலோடு கலந்து பிறகு தண்ணீரில் சேர்த்து, மாலை 5 மணிக்கு மேல் தெளிக்கலாம். பின்னதற்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 3 கிராம். கந்தகத்தை 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் நாளிலோ, வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளோ அடித்தால் இலை வெந்துவிடும். கொடிக்காய்கள் மேல் படவே கூடாது.

கொடிக்காய்கள்

அதிகம் ஏமாற்றுவது கொடிதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். பீர்க்கை, சுரை, புடலை, பாகல், பூசணி எல்லாவற்றிலும் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவுக்குக் கீழே குட்டிப் பிஞ்சு இருக்கும். கடும் வெயிலில் ஆண் பூவே மிகுதியாக வரும். அது கோளாறு அல்ல, காத்திருக்க வேண்டும். சுரையில் நுனியைக் கிள்ளி, யூடியூபில் 3ஜி கட்டிங் என்று சொல்லும் முறையில் பக்கக் கிளைகளை விட்டால் பெண் பூ கூடும். வாடி நிற்கும் கொடியில் அதைச் செய்யாமல், மழை கண்டு கொடி தெளிந்து இரண்டு வாரம் ஆன பிறகு செய்யுங்கள்.

பெண் பூ வந்தும் மூன்று நான்கு நாளில் பிஞ்சு மஞ்சளாகி வதங்கினால் பெரும்பாலும் மகரந்தம் சேரவில்லை என்றுதான் பொருள். மூன்றாவது நான்காவது மாடிக்குத் தேனீ வருவது அரிது. கையால்தான் சேர்க்க வேண்டும். அங்கேதான் நேரத்தில் தவறு நடக்கிறது. பீர்க்கையும் சுரையும் பூப்பது சாயங்காலம், 5 மணிக்கு மேல். புடலை இருட்டும் நேரத்தில். பாகல், பூசணி, வெள்ளரி, மெழுகுபீர்க்கை ஆகியவை விடியற்காலையில் மலர்ந்து 9, 10 மணிக்குள் களைத்துவிடும். காலையில் மட்டும் மாடிக்குப் போகிறவர் பீர்க்கம்பூவை அதன் வேளையில் பார்ப்பதே இல்லை. புதிதாக விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். சேர்ந்திருந்தால் இரண்டு நாளில் பிஞ்சு நிமிர்ந்து பருக்கத் தொடங்கும்.

அப்படிப் பிடித்த பிஞ்சு வளைந்து, ஒரு இடத்தில் பிசின் சொட்டி, அழுகினால் அது பழ ஈயின் வேலை. பெண் ஈ இளம்பிஞ்சின் தோலில் குத்தி முட்டை வைக்கும். குத்திய பக்கம் வளராததால் காய் வளைகிறது. அழுகல் தெரியும்போது உள்ளே புழு ஒரு வாரம் தின்றிருக்கும். மகரந்தம் சேர்த்த இரண்டாம் நாளே செய்தித்தாள் உறையோ மெல்லிய வலைப்பையோ போட்டுக் காம்போடு கட்டிவிடுங்கள். காகித உறை மழையில் கிழிந்தால் மாற்றுங்கள். காய் பெரிதாகித் தோல் தடித்த பிறகு கழற்றிவிடலாம். அழுகிய பிஞ்சை உரக்குழியில் போடுவது ஈயை நாமே வளர்ப்பது. பாலித்தீன் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள். மண்ணில் விழுந்தால் புழு அங்கேயே கூடு கட்டி, மூன்று வாரத்துக்குள் அடுத்த தலைமுறை ஈ பந்தலுக்கு வந்துவிடும்.

பழ ஈப் பொறி வாங்கினால் கியூலூர் என்ற கவர்ச்சிப்பொருள் வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். மெத்தில் யூஜினால் வைத்த பொறி மாம்பழ ஈக்கானது. அதைப் பாகல் பந்தலில் தொங்கவிட்டால் பந்தலைத் தாக்கும் ஈ அதில் விழாது. கியூலூர் ஆண் ஈயை மட்டுமே இழுக்கும், ஆகவே உறை போடுவதை நிறுத்தாதீர்கள்.

கொடிக்காயில் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. வெயிலிலும் வறட்சியிலும் தவித்த கொடியின் சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் சில சமயம் கசக்கும். குக்குர்பிட்டேசின் என்ற நச்சுப்பொருள்தான் அந்தக் கசப்பு. சமைத்தாலும் அது போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. நறுக்கும்போது இரு முனையிலும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். வீட்டில் விளைந்தது என்று மனம் கேட்காமல் போகலாம். இதில் மட்டும் மனதைக் கேட்காதீர்கள். பாகலின் கசப்பு வேறு, அதன் இயல்பு அது.

முதல் மழையும் ஆடிக்காற்றும்

நாலு நாள் காய்ந்த செடியில் ஒரே இரவில் கொட்டும் மழை தக்காளியைப் பிளந்துவிடும். வேர் தண்ணீரை இழுக்கும் வேகத்துக்குத் தோல் விரியாது. வானம் இருண்டுகொண்டு வந்தால், நிறம் திரும்பிய காய் எல்லாவற்றையும் அப்போதே பறித்துவிடுங்கள். உள்ளே வைத்தாலும் பழுக்கும் என்று மேலே சொன்னதுதான். மழை தொடங்கிய பிறகுதான் தரையிலிருந்து ஒரு அடி வரை உள்ள கீழ் இலைகளை எடுக்க வேண்டும். மண் தெறித்து இலைக்கருகல் ஏறாமல் இருக்க அது உதவும்.

மழைக்கு மறுநாள் ஒவ்வொரு பையின் அடித்துளையிலும் குச்சியை விட்டுப் பாருங்கள். வேர் அடைத்திருந்தால் தண்ணீர் தேங்கி இரண்டு நாளில் வேர் அழுகும். ஈரம் இருந்தும் செடி முழுதும் திடீரென வாடினால், தண்டைக் கீழே வெட்டி ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் அசையாமல் பிடியுங்கள். வெட்டுவாயிலிருந்து பால் போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். செடியையும் அந்தப் பையின் மண்ணையும் எடுத்துவிட வேண்டும். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் மீண்டும் வேண்டாம். பகலில் வாடி இரவில் நிமிர்ந்தால், பிடுங்கும்போது வேரில் முடிச்சு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நூற்புழு, அந்த மண்ணில் துலுக்க சாமந்தியை இரண்டு மாதம் வளர்த்து எடுங்கள்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை மாடியில் இருப்பவர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ள வேண்டும். கோவை, தேனி, தென்காசிப் பக்கம் பந்தல் கால்களை ஆனியிலேயே இறுக்குங்கள். செடியைக் குச்சியோடு கட்டக் கம்பியோ மெல்லிய நைலானோ வேண்டாம். பழைய பனியன் துணியைக் கிழித்து, எட்டு வடிவில் தளர்வாகக் கட்டினால் தண்டு அறுபடாது.

ஆடிப் பட்டம் தேடி விதை என்றால் ஆடியில்தான் விதை வாங்க வேண்டும் என்று அர்த்தமில்லை. தக்காளி நாற்றுக்கு 25 முதல் 30 நாள், கத்தரிக்கு 30 முதல் 35, மிளகாய்க்கு 40 நாள் வரை ஆகும். ஆடி 18இல் நட வேண்டுமென்றால் மிளகாய் விதை ஜூன் 25க்குள், கத்தரி ஜூலை முதல் நாளுக்குள் நாற்றுத்தட்டில் விழுந்திருக்க வேண்டும். அவரை, பூசணி, புடலை, வெண்டை நேரடி விதைப்பு. இடையில் காலியாக நிற்கும் பைகளில் சிறுகீரை தூவுங்கள். 25 நாளில் எடுத்துவிடலாம். கொத்தவரையும் தட்டைப்பயறும் இந்தச் சூட்டிலேயே நன்றாக வரும்.

நோய் கண்டிராத பழைய மண்ணைக் கொட்டி, வேர்களை எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புது மக்கிய உரமும் ஒரு பைக்கு 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, லேசாக ஈரப்படுத்தி 10 நாள் நிழலில் மூடி வையுங்கள். வேப்பம் புண்ணாக்கு கலந்த அன்றே நாற்று நட்டால் இளவேர் கருகும்.